சாலையோரத்துப் பைன் லில்லி

லவோன் அப்பாவைத் தூக்கி பிக்கப் வண்டியின் ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தாள். ஆக்சிஜன் சிலிண்டரைக் காலடியில் நிறுத்தினாள். படுக்கையை விட்டு எழுப்பவே கூடாது என்று நர்ஸ் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் மூன்று நாளாக அப்பா ருடெல் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பைன் லில்லி பூத்துவிட்டதா?

அம்மா எர்லீன் நடுவில் ஏறிக்கொண்டாள்.

"வழியில ஏதாவது ஆச்சுன்னா என்னடி பண்றது?"

"வீட்டுல இருந்தாலும் ஆகத்தாம்மா போகுது."

அம்மா அப்பாவின் தொப்பியைச் சரிசெய்தாள்.

இருபத்தெட்டு வருடம் அவர் சாலைத்துறையில் புல்வெட்டும் டிராக்டர் ஓட்டியவர். செப்டம்பரில் காட்டோரச் சேற்றில் லில்லி தலைகாட்டும் இடம் வந்தால் கத்தியை மேலே தூக்கிவிடுவார். அங்கங்கே புல் விட்டுப்போயிருக்கிறதே என்று மேலதிகாரி கேட்டால், சேற்றில் வண்டி இறங்கிவிடும் என்று சாதிப்பார். எர்லீனுக்கு அதில் தீராத மனத்தாங்கல். ஊர்ப்பூவையெல்லாம் காப்பாற்றுகிற மனுஷன் பெண்டாட்டிக்கென்று ஒன்றைக் கொண்டுவந்ததில்லை. தண்டோடு பறித்தால் கிழங்கு செத்துவிடும் என்பார்.

போன குளிர்காலத்தில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துச் சுத்தம் செய்த காடு. பைன் மரங்கள் இடுப்புவரை கருத்து நின்றன. அடியில் ஈரப்புல். அதற்கு நடுவே, தண்டுக்கு ஒன்றாக, வானத்தைப் பார்த்து விரிந்த செம்மஞ்சள் பூக்கள். லவோன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"எர்லீன், எறங்கிக் கிட்டப் போய்ப் பாரு," என்றார் ருடெல்.

"பாம்பு கடிச்சா நீயா வந்து தூக்குவ?"

"நீ பூசியிருக்கிற செண்டுக்குப் பாம்பு ஊரை விட்டே ஓடிடும்டி."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எர்லீன் அவர் வாயைத் துடைத்துவிட்டு, லவோன் இறங்கி வழிவிட்டதும் ஓட்டுநர் பக்கமாக இறங்கினாள். சர்ச்சுக்குப் போடும் செருப்போடு புல்லில் தேங்கிய தண்ணீரில் நடந்தாள். ஒரு பூவருகே குனிந்தாள். அதைத் தொடவில்லை. பிறகு நிமிர்ந்து, விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினொண்ணு இருக்குய்யா."

எதற்கும் ஒரு மறுப்புச் சொல்லாமல் விடமாட்டார் அவர். எர்லீன் அதற்காகக் காத்து நின்றாள். வண்டியின் மறுபக்கம் போய் அப்பாவின் மணிக்கட்டில் நாடி பார்த்த லவோன், கையை விடாமல் அம்மாவையே பார்த்தாள்.

"பதினொண்ணு," என்றாள் எர்லீன் மறுபடி, மெதுவாக.

அவள் திரும்பி வந்து தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸை அழைக்க லவோன் போனை எடுத்தாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். மெதுவா ஓட்டு."

மண்சாலை மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ருடெலின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எர்லீன் அவர் தோளைச் சுற்றிக் கையை நீட்டி, கண்ணாடிக்கும் அவர் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.