மூலையில் ஒரு மைப்புள்ளி

கோட்டுப் பையில் செருகும் அந்தப் பட்டுக் கைக்குட்டை, செத்துப்போன என் வீட்டுக்காரி கையால் ஓரம் தைத்தது. சலவைக்கடையில் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, கொடுக்கும் முன் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை.

திரும்ப வாங்கப் போனபோது கடைக்காரம்மா அதை ஓர் அட்டைக் குழாயில் சுற்றிக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். புள்ளியைக் காணோம்.

"இது என்னுது இல்ல. யாருதை என் தலையில கட்டப் பாக்குற?"

"கத்தாதீங்க பெரியவரே. தண்ணி பட்டா மை துணி முழுக்க ஊறிடும். ரெண்டு நாளா பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தேன். எந்தப் புண்ணியவான் வச்சானோ!"

சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"இந்த ஓரத்தப் பாருங்க. வெள்ளை நூல் தீந்துபோய் கடைசி நாலு தையல் நீலத்துல போட்டிருக்காங்க. இது வேற யாருகிட்ட இருக்கும்? சுருட்டித் தைச்ச ஓரம் நசுங்கிடும்னு அங்க இஸ்திரிகூட வைக்கல. மடிச்சா கோடு விழும், இப்படியே சுத்தி வைங்க."

அந்த நாலு தையலை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் புண்ணியவான் நான்தாம்மா" என்றேன்.

"தெரியும். வேற யாரு வைப்பா?"

பட்டைக் காப்பாற்றியதற்கு ஒன்று, தையலைக் காட்டியதற்கு ஒன்று என்று இரண்டு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.