கட்டாத பாலத்தின் நிழல்

பல்கேரியாவும் ருமேனியாவும் சேர்ந்து கட்டவிருந்த பாலம் ரத்தான வாரத்திலேயே அதன் நிழல் டான்யூப் ஆற்றின் மேல் விழுந்தது. அதே வாரம் செர்ரிப் பழமும் விலை இறங்கியது. பாலத்தில் யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில் இரு நாடுகளுக்கும் பேச்சு முறிந்திருந்தது; நிழல் அதைப் பொருட்படுத்தவில்லை. முதலில் நாய்கள் அதன்மேல் நடந்து அக்கரை போயின, பிறகு ஆடுகள், பிறகு மனிதர்கள். ஆண்டு திரும்புவதற்குள் சுங்கக்காரர்கள் வெயில் நாட்களில் மட்டும் வேலைக்கு வரலானார்கள்.

பல்கேரியப் பக்கமான இக்கரையில் ராதோய் மட்டும் அதில் கால் வைக்கவில்லை. பாட்டன் நட்ட வால்நட் தோப்பைப் பாலத்துக்கென்று கொடுத்த குடும்பம் அவருடையது. மகள் நெவேனாவை அக்கரையில் கட்டிக்கொடுத்தபோது ஊரறியச் சொல்லியிருந்தார்: "பாலத்து மேல நடந்துதான் சம்பந்தி வாசலுக்கு வருவேன். அடுத்தவன் படகுல ஒண்டிக்கிட்டுப் போற வம்சமில்ல நாங்க." அக்கரையில் பேரப்பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். அவர் போகவில்லை.

"நிழல்ல நடந்தா குறைஞ்சா போயிடுவீங்க, மாமா? எங்க வீட்டு ஆடே தினம் போயிட்டு வருது" என்று படகுக்காரன் ஸ்லாவி சீண்டினான்.

"ஆட்டுக்கு வாக்கு ஏதுடா."

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சம்பந்தி கோஸ்தாகே நிழலின் நடுவரை வந்து நின்று கூவினார்: "சம்பந்தி! பொண்ணு பொழைக்க மாட்டா. உங்களத்தான் கேக்குறா. வர்றீங்களா?"

ஆற்றங்கரையில் நின்று கத்துவது ராதோய் வீட்டு வழக்கமில்லை. தலையை இடமும் வலமுமாக அசைத்தார். பல்கேரியர் 'சரி' சொல்வது அப்படித்தான். மகள் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை எடுக்க உள்ளே போனார். ருமேனியாவில் அந்த அசைப்புக்கு 'மாட்டேன்' என்று பொருள். கோஸ்தாகே தண்ணீரில் காறித் துப்பிவிட்டுத் திரும்பினார். நெவேனாவிடமும் அப்படியே சொன்னார்.

ராதோய் பித்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மேகம் மூடியிருந்தது. நிழல் இல்லை. ஸ்லாவியின் படகு இருந்தது.

"ஏறுங்க மாமா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ராதோய் தலையை மேலும் கீழுமாக அசைத்தார். அது அவர்கள் வழக்கில் 'வேண்டாம்'. கோட்டோடு கரையிலேயே நின்றார். மறுபடி வெயில் வந்தபோது நெவேனாவைப் புதைத்து முடித்திருந்தார்கள். அவர் முதல்முறையாக நிழலில் இறங்கி நடுவரை நடந்தார். அதற்கு மேல் போய்ப் பார்க்க மகள் இல்லை. கரைக்குத் திரும்பவும் இல்லை.

இன்றும் வெயில் நாட்களில் அங்கே கோட்டோடு நிற்கிறார், தலையை இடமும் வலமுமாக அசைத்தபடி. மேகம் மூடினால் நிழலோடு அவரும் இருப்பதில்லை. இக்கரைக்காரர்களுக்கு அவர் 'வருகிறேன்' என்கிறார்; அக்கரைக்காரர்களுக்கு 'வரமாட்டேன்' என்கிறார். படகுகள் கொஞ்சம் ஒதுங்கிப் போகின்றன.