மாப்பிள்ளையின் தோளில் உட்கார்ந்தவர்

சேதுவுக்கு உட்காரும் இடம் தீயாய் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சுங்கை புரோங் வயலில் கொக்குகளையும் பாசிர் பெனம்பாங்கில் மீன் படகுகளையும் படம் பிடித்து, கடைசியாக கோலா சிலாங்கூர் மலைமேல் ஏறிக் குரங்குகளையும் எடுத்துவிட்டு வந்த பலன் அது. மோட்டார் சைக்கிள் சீட்டில் பஞ்சு செத்துப்போய் ரொம்ப நாள்; இப்போது கம்பிதான் மிச்சம். மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே தின்றான்.

"ஏண்டா குதிரை மாதிரி நின்னுக்கிட்டுத் திங்கிற?" என்றாள் அம்மா அன்னம்மா. வாரமெல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, தோள்பட்டை இறங்கிப்போனவள்.

"வேலைம்மா. வலிக்குது."

"குரங்கைப் படம் பிடிக்கிறது வேலையா? நாள் பூரா மரத்துல குந்தியிருக்கே, அந்தக் குரங்குக்குக்கூட வலிக்கல லா."

சேது தட்டை வைத்துவிட்டுக் கேமராவைத் துடைத்தான். சாயங்காலம், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ரெங்கசாமி வீட்டில் முக்கியமான படம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. மண்டோரின் மகள் திலகத்துக்கும் லோரி டிரைவர் சன்னாசிக்கும் கல்யாணம். கார்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் படம் வேண்டும், சுற்றிலும் சேது கையால் வரைந்த கொடியும் பூவும் வேண்டும் என்று மண்டோர் சொல்லியிருந்தார். சேது வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி சிவானந்தமும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தார்:

"இந்தக் கார்டு நல்லா வந்தா இனி டிசைன் வேலை பூரா உனக்கு. கார்டுக்கு அடியில உன் பேரும் போட்டுக்க. கெட்டுப்போச்சுன்னா நீ உங்கப்பன்கூட குலை தள்ளப் போயிரு."

அவனுடைய அப்பா ஐயாவு, ரெங்கசாமியின் கீழ்தான் செம்பனைக் குலை வெட்டினார். பள்ளிக்கூடம் முடித்ததும் சேதுவும் சில மாதம் அந்த வேலையைப் பார்த்தவன். அப்போது உள்ளங்கையில் ஏறிய முள்ளின் நுனி இன்னும் வெளியே வரவில்லை. பென்சில் பிடிக்கும்போதெல்லாம் 'நான் இங்கதான் இருக்கேன்' என்று குத்தும்.

மண்டோர் வீட்டில் சன்னாசி தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தடவி, கடன் வாங்கிய கோட்டில் நின்றான். திலகம் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சிரிங்கண்ணே," என்றான் சேது.

"யாரும் சிரிக்கக் கூடாது," என்றார் ரெங்கசாமி. "கல்யாணத்துக்கு முன்னாடியே பல்லைக் காட்டுனா சனம் என்ன பேசும்?"

"அப்ப எப்பத்தான் மாமா சிரிக்கிறது?" என்றான் சன்னாசி.

"பிள்ளை பிறந்தப்புறம் சிரி."

சன்னாசியின் அம்மா இராஜம்மா மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனுக்கு ஏழரைச் சனி, இப்போது தாலி கட்டினால் லோரி கவிழும் என்று எவனோ அவள் காதில் போட்டிருந்தான். "சனி விடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்று அவள் முனகும்போதெல்லாம் மண்டோருக்கு மீசை துடித்தது.

அந்தச் சத்தத்தில்தான் சேது சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பிலிம் சுருளை எடுத்து கேமராவில் மாட்டினான். பையில் இருந்தவை இரண்டு. ஒன்று புதுசு. இன்னொன்று காலையில் குரங்குகளை எடுத்து முடித்தது. முடிந்த சுருளின் நுனியை உள்ளே இழுத்துவிட்டிருக்க வேண்டும். சேது இழுத்துவிடவில்லை. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எது புதுசு, எது பழசு என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

புதன்கிழமை, கழுவி வந்த படங்களைச் சேது அச்சக மேசையில் பரப்பினான். எடுத்து முடித்த சுருளிலேயே மறுபடி எடுத்திருந்தான்; ஒவ்வொரு படத்திலும் மணமக்களோடு ஒரு குரங்கு. ஒன்றில் திலகத்தின் மடியில். இன்னொன்றில் சன்னாசியின் தலைமேல் முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரே ஒரு படத்தில்தான் மணமக்கள் முகம் தெளிவாக விழுந்திருந்தது. அதில் சன்னாசியின் தோளில் புகைபோல ஒரு குரங்கு அமர்ந்து, வலக்கையைத் தூக்கியிருந்தது. சேது வீசிய கச்சான் கடலையைப் பிடிக்கத் தூக்கிய கை.

மறுபடி எடுக்க வழியில்லை. சன்னாசி லோரி ஏறி ஜோகூர் போய்விட்டான். கார்டை மறுநாள் அச்சேற்ற வேண்டும். சேது தூரிகையை எடுத்துக் குரங்கை அழிக்கப் பார்த்தான். குரங்கோடு மாப்பிள்ளையின் காதும் போனது. காதை வரைந்தான். அது அப்பளம்போல் வந்தது. நல்லவேளை, கெட்டது ஒரு பிரதிதான்.

"ஆஞ்சநேயா, எல்லாம் உன் ஆளுங்க செஞ்சது," என்று கண்ணை மூடினான். "என்னைத் தப்பிக்க வச்சிரு. நூத்தியெட்டு வடையில மாலை கட்டிப் போடறேன்."

கண்ணைத் திறந்தால் எதிரே மண்டோர். கையில் படம்.

ரெங்கசாமி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு செருப்பைக் கழற்றினார். சேது அடி வாங்கக் கன்னத்தைத் தயார் செய்துகொண்டான்.

செருப்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, மண்டோர் தன் கன்னத்தில்தான் போட்டுக்கொண்டார்.

"யாருடா வந்திருக்கிறது!"

"மண்டோர், அது வந்து... மலைமேல இருக்கிற குரங்கு. நான் பிலிமை மாத்தி..."

"மலைமேல இருக்கிறவரு என் வீடு தேடி வந்திருக்காருடா! சனி பிடிச்சவன் தோள்ல வந்து உக்காந்து கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு. இனி சனியனுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?"

"கச்சான் கேட்டுத்தான் கையைத் தூக்குச்சு, மண்டோர்."

"சாமி எதைக் கேட்டா உனக்கென்ன? குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்."

"அப்புறம் என்ன!"

சிவானந்தம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார், சேதுவின் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "நம்ம கடையில எல்லாம் பக்தியாத்தான் செய்வோம், மண்டோர்," என்றார்.

இராஜம்மா படத்தைப் பார்த்த அன்றே சம்மதித்தாள். அதோடு விடவில்லை, தன் வீட்டுச் சாமி மேடையிலும் ஒரு கார்டை வைத்துச் சூடம் காட்டினாள். ஜோகூரிலிருந்து திரும்பிய சன்னாசிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"என் கல்யாணக் கார்டுலயே என்னைவிடக் குரங்கு நல்லா விழுந்திருக்கேடா!"

"அது சிரிச்சுதுண்ணே," என்றான் சேது.

அந்த வாரத்திலிருந்து டிசைன் வேலை அவனுக்கு வந்தது. கார்டுக்கு அடியில் 'படமும் ஓவியமும்: சேது' என்று எறும்பு அளவில் பேரும் வந்தது. பேரோடு வேறு தொல்லைகளும் வந்தன. காதுகுத்துக் கார்டு கேட்டு வந்த நவமணி, "எங்க பேரன் தலைமேல முருகன் மயில் வந்து குந்துற மாதிரி எடு, ஆனா கொத்தக் கூடாது," என்றாள். கோயில் கமிட்டிக்காரர்கள் புலி கேட்டார்கள்.

அன்னம்மாதான் வேண்டுதலை மறக்காதவள். சனிக்கிழமை விடியுமுன் உளுந்தை ஆட்டி, அடுப்படியில் வெந்து, நூற்றெட்டு வடையையும் சுட்டுக் கோத்துக் கையில் கொடுத்தாள். "நேராக் கோயிலுக்குப் போ. வழியில படம் கிடம் பிடிச்ச, கையை ஒடிச்சிருவேன்."

சேது நேராகத்தான் போனான். மலையடிவாரத்தில் வெயில் மரங்களுக்கிடையே பால்போல் இறங்கியிருந்ததைப் பார்த்ததும், ஒரே ஒரு படம் என்று வண்டியை மேலே ஏற்றினான். மாலையை மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்தான் கேமராவைத் திறந்தான். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியில் நூல் மட்டும் ஆடியது. மரமெல்லாம் ஒரே மெல்லும் சத்தம். கடைசி வடையை வைத்திருந்த குரங்கு அவனைப் பார்த்து வலக்கையைத் தூக்கியது.

"சேர வேண்டிய இடத்துக்குச் சேந்திருச்சு," என்றார், சங்கதியைக் கேட்ட ரெங்கசாமி.

"சாமி கழுத்துல விழுந்துச்சா?" என்றாள் அன்னம்மா.

"இல்லம்மா."

"அப்ப சேரல. அடுத்த உளுந்தை நீயே ஆட்டு."

உள்ளங்கையில் முள் இருக்கிறது, ஆட்டுக்கல் பிடித்தால் குத்தும் என்று சேது சொல்லிப் பார்த்தான். அம்மா காய்த்துப்போன தன் கையை விரித்துக் காட்டினாள்.

இன்னும் ஆட்டவில்லை. ஆஞ்சநேயருக்கு நூற்றெட்டு வடை கோத்த மாலை ஒன்று, சேது பேரில் கடன்.