எடைமேடை சொன்ன நூற்றிருபது

லாரிகளை எடை போடுவதுதான் அக்காவின் வேலை. நெடுஞ்சாலை ஓரத்தில் தரையோடு தரையாகப் பதித்த இரும்பு எடைமேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு அறை, அறைக்குள் ஒரு கணினி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், சொல்லிச் செய்த அகலமான நாற்காலி, அதில் அக்கா. வண்டி ஏறி நின்றதும் எண்ணைப் பார்ப்பாள், சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் நீட்டிய சீட்டுக்கு மறுபேச்சுப் பேசியவன் கிடையாது. கடைத் தராசு, வீட்டுத் தராசு, மருந்துக்கடை வாசலில் நிற்கும் தராசு எதையும் அவள் சல்லிக்காசுக்கு மதிக்க மாட்டாள்.

ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டன்னம்மா. அவளும் சளைத்தவள் இல்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறாயா, அச்சு முறிந்தால் என்னைக் கேட்கக் கூடாது என்று தானே முந்திக்கொள்வாள். அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிடுவது பருத்தவர்கள் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொள்கிற வித்தை. நூற்றிருபத்தெட்டு கிலோ இருந்தாள். முழங்கால் தேய்ந்திருந்தது. மாடி ஏறினால் மூச்சு இரைத்தது. வயிற்றைச் சின்னதாக்கும் அறுவையைப் பற்றி மருத்துவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பட்டினி கிடப்பதற்கு எதற்கு ஐயா கத்தி என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகுதான் பேச்சு மாறியது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்குப் பதினொரு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அவனைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். தன் கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தவளும் இல்லை. தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை, கீழே அவனும் அவன் மனைவியும், மூன்று பேருக்கும் ஒரே சமையல். சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது அக்கா எதையாவது பொட்டலம் கட்டி வாங்கி வருவாள். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து அதைக் காலி செய்வார்கள். அவர்களுக்குள் பாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை, பொட்டலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இப்போது வாரம் மூன்று நாள் அவனை டயாலிசிஸில் படுக்க வைத்தார்கள். அவன் மனைவிக்குச் சர்க்கரை, அவளுடையதை எடுக்க வழியில்லை. அக்காவுடையது பொருந்தியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்கு அக்காவுக்குத் தானும் ஆடியது, சதையும் ஆடியது. ஆனால் இந்த உடம்பில் கத்தி வைத்துச் சிறுநீரகத்தை எடுத்தால் உன் உயிருக்கே உத்தரவாதம் இல்லை, எண்பத்தைந்துக்கு இறங்கி வா என்றுவிட்டார்கள். தானாக அவள் இறங்க மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். முதலில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுப்பது, எட்டு மாதத்தில் எடை இறங்கியதும் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுப்பது என்று முடிவாயிற்று.

உணவு ஆலோசகர் சின்னப் பெண்தான், ஆனால் கறார். அக்காவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். முதலில் முட்டை, மீன், பருப்பு, அப்புறம் காய், இடம் மிச்சமிருந்தால் சோறு, அநேகமாக இருக்காது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சத்து மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

"எத்தனை மாசத்துக்கும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"மாசக் கணக்கு இல்லம்மா. ஆயுசுக்கும்."

அக்கா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து மருத்துவமனைச் சுவரோரம் நின்று பொருமிப் பொருமி அழுதாள். தம்பிக்காக அழுகிறாள் என்றுதான் போவோர் வருவோர் நினைத்திருப்பார்கள். அவள் அழுதது சாப்பாட்டுக்காக. தனியாக இருந்த இத்தனை வருடத்தில், வேலை முடிந்து வரும்போது உனக்காகக் காத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்ன ஒரே ஜீவன் அதுதான். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அறுவைக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருந்தது. கல்லீரல் வீங்கிக் கிடந்தது. ஒரு மாதம் வெறும் கஞ்சியும் சூப்புமாகக் குடித்து நூற்றிருபதுக்கு இறங்கினால்தான் கத்தியை எடுப்பேன் என்றார் அறுவை மருத்துவர். அக்கா வாயைக் கட்டினாள். எடைமேடை அறையில் உட்கார்ந்து தண்ணீர்க் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, அடுத்த கடையில் எதையோ வறுக்கிற வாசனையைப் பொறுத்துக்கொண்டாள். பாதியிலேயே விட்டுவிடுவாள் பார் என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள்.

இருபத்தோராவது நாள் காலை, வண்டி எதுவும் வராத நேரத்தில், அக்கா எடைமேடையின் நடுவில் போய் நின்றாள். ஜன்னல் வழியாகத் திரையைத் திரும்பிப் பார்த்தாள். நூற்றிருபது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லாரி எடைமேடை கிலோ கிலோவாகக் காட்டாது, பத்துப் பத்தாகத்தான் காட்டும். நூற்றிருபத்து நாலையும் அது நூற்றிருபது என்றுதான் சொல்லும். நாற்பது டன் வண்டிக்குப் பத்து கிலோ ஒரு பொருட்டா? பழகுநர்களாக வந்த எத்தனையோ பேருக்கு அக்காவே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாமல் இல்லை. பசித்த மனுஷி தனக்குச் சாதகமான எண்ணைப் பார்த்தாள், அவ்வளவுதான். என் மேடை பொய் சொல்லாது என்று இருபத்திரண்டு வருடப் பெருமையும் கூடவே நின்று தலையாட்டியது. மருத்துவமனைத் தராசில் ஏற இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் சாப்பிட்டாள். இனிமேல் ஆயுசுக்கும் கிடையாது, இதுதான் கடைசி என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். வீட்டில் கஞ்சி, எடைமேடை அறையில் வறுத்த கோழி. ஜன்னலில் 'உணவு நேரம்' என்று அட்டையை மாட்டிவிட்டு, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள்.

மருத்துவமனைத் தராசு நூற்றிருபத்தாறு காட்டியது. ஸ்கேனில் கல்லீரல் அப்படியே இருந்தது. மருத்துவர் கோபப்படவில்லை. அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து, மருத்துவர் ஊரில் இல்லை, தேதி தள்ளிப்போய்விட்டது என்றாள். தம்பி அதற்கென்ன என்றான். அவன் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அந்த ஆறு வாரம் அக்கா சன்னியாசி மாதிரி இருந்தாள். அறுவை நடந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் தவறவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். நாலு கரண்டிக்கு மேல் உள்ளே போகாது, போனால் தொண்டைவரை வந்து நிற்கும். அவசரமாக விழுங்கி வாந்தி எடுத்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாதம் ஆறு கிலோ, ஐந்து கிலோ என்று இறங்கினாள். ஓட்டுநர்கள் கேலியை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். அது அவளுக்குக் கேலியைவிடக் கூச்சமாக இருந்தது. அந்த அகலமான நாற்காலியில் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார இடம் இருந்தது. எட்டாம் மாதம் எண்பத்தைந்துக்கு வந்தாள். மாற்று அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. குறித்த நாளுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. காய்ச்சல் அடங்கும்வரை மாற்று அறுவையைப் பற்றிப் பேச முடியாது என்றார்கள். காய்ச்சல் அடங்கவில்லை. தேதி தள்ளிப்போன அந்த ஆறு வாரம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மாற்று அறுவை முடிந்து, அந்தக் குழாயே அவன் கழுத்தில் இருந்திருக்காது. அக்கா எந்தப் பக்கம் கூட்டிக் கழித்தாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் மத்தியானம், அவன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எடைமேடை, நூற்றிருபது, ஒன்பது நாள், மருத்துவர் ஊரில் இல்லை என்று சொன்ன பொய். தம்பி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தாள்.

"அந்த ஒம்போது நாளும் என்னக்கா சாப்பிட்ட?" என்றான்.

அவள் சொன்னாள். கோழி, முட்டை ரொட்டி, ஒரு நாள் முழு கேக். ஒன்றையும் மறைக்கவில்லை.

"என்னை ஒரு நாள் கூப்பிட்டிருக்கலாம்ல?"

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவன்தான் பேசினான். "அவகிட்ட இதைச் சொல்லிடாதக்கா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க ரெண்டு பேரும்தான் மிச்சம். இது தெரிஞ்சா ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரியும். எனக்காக இந்த ஒண்ணு மட்டும் செய்."

நாலாம் நாள் விடியற்காலை அவன் போய்விட்டான்.

வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். துக்கம் கேட்க வந்த ஒருத்தி அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாலே நாளில் எப்படி உருகிவிட்டாள் பாவம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவன் போன ஆறாம் நாள் வீடு காலியானது. மத்தியானம் தம்பி மனைவி இரண்டு பேருக்கும் சோறு எடுத்து வைத்தாள். அக்காவுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் மசித்த முட்டை. தன் தட்டைத் தொடாமல், அக்கா மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அக்கா. மனசுல வச்சுக்கிட்டு என்னால முடியல."

அக்கா மெல்வதை நிறுத்தினாள். தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள். ஒரு கணம் அது விடுதலை மாதிரிகூட இருந்தது.

"நான் உங்களை நம்பவே இல்லக்கா. தேதி தள்ளிப்போச்சுன்னு நீங்க வந்து சொன்னீங்களே, அன்னைக்கு அவர்கிட்ட சொன்னேன், உங்க அக்கா வாயை அடக்கியிருக்க மாட்டாங்க, அதான் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. அவர் என்னை அடிக்காத குறை. எங்க அக்காவைப் பத்தி இன்னொரு தடவை இப்படிப் பேசினேன்னா பாருன்னார். ரெண்டு நாள் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல." அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நீங்க அவருக்காக வயித்தையே வெட்டிக்கிட்டீங்க. நான் இப்படி நினைச்சிட்டேன். என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்து நின்றது. எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். இந்த வீட்டில் அவளுக்கு இனி வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அக்காவுக்குப் பாரம் இறங்கும். அவ்வளவுதான், வேறு யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"மன்னிச்சுட்டேன்மா" என்றாள்.

தம்பி மனைவி அக்காவின் மடியில் விழுந்து அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தம்பிக்காகச் செய்ய ஒப்புக்கொண்டவற்றில் இந்த ஒன்றை மட்டும் அவள் நாள் கடத்தாமல் செய்து முடித்தாள்.