ஏட்டம்மா எழுதிய வெள்ளைக்காரத் துரை

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்துவிட்டு ஏட்டு ஆவுடைத்தாயிடம் திட்டு வாங்காமல் போனவர்கள் குறைவு. மெயின் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் விசிலும் கையுமாக நிற்பவள் அவள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், எது வந்தாலும் படியிலேயே பிடுங்கிவிடுவாள். பதினோரு வருஷமாக அவள் பிடுங்கிய எண்ணெய் பாட்டில்களை வைத்து ஒரு கடையே போடலாம். அப்பேர்ப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தென்காசி நூலகத்து மாடியில், நாற்பது பொடிசுகளுக்கு முன்னால் பயந்துபோய் நின்றாள்.

கையில் இருந்தது அவளே எழுதிய கதை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். வாராவாரம் துண்டு துண்டாக வந்து படிப்பவர்களைத் தவிக்க வைத்த அந்தக் காலத்து ஆங்கில நாவல்கள் என்றால் அவளுக்கு உயிர். அப்படி எழுதும் தாடிக்காரத் துரை ஒருவரைத் தன் கற்பனையிலேயே உண்டாக்கி, வில்ஃப்ரெட் தோர்ன்பி என்று பெயரும் வைத்து, கப்பலேற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். துப்பறிய இலஞ்சிப் பிள்ளைகள் மூன்று பேர். டியூட்டிக்கு நடுவே இரண்டு வருஷம் எழுதினாள்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பதிப்பாளர் சிவசைலம் மாடிக்கு ஏறும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"நான் படிச்சு என்ன செய்ய? பிள்ளைக கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா புஸ்தகம் வரும். பாதியில எந்திச்சுட்டுன்னா, நீங்க விசில் ஊதுததோட நிறுத்திக்கிடுங்க."

பிள்ளைகளோ இலஞ்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்தவர்கள். கதை முடிந்ததும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாக மீனா டீச்சர் ஆசை காட்டியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது, ஒவ்வொருவர் மடியிலும் துண்டும் மாற்றுத் துணியும். கதை ஆரம்பிக்கும் முன்னாலேயே ஜோயல் என்ற பையன், "எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டான்.

இருந்தாலும் வாசித்தாள். துரை பங்களாவில் உட்கார்ந்து நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதுகிறார். முடித்த கையோடு தாள்களைத் தோல் பையில் வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறார். பையைப் பாறையில் வைத்துவிட்டுக் குளிக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பை இருக்கிறது, கடைசி அத்தியாயத்தைக் காணவில்லை. கூடப் போனவர்கள் மூன்றே பேர்: சமையல்காரர், வண்டிக்காரர், தபால்காரர்.

பிள்ளைகள் அசையவில்லை. ஆவுடைத்தாய்க்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குரலை உயர்த்தினாள்.

"அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை என்று பலகை இருந்தது. எண்ணெயைக் கண்டாலே ஆகாத துரைக்கு அது நல்லதாகப் போயிற்று. ஆனால் அன்று ஒரே ஒருவர் மட்டும் அந்தத் தடையை மீறி..."

"ஏட்டம்மா!" முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட சிறுமி எழுந்து நின்றாள். பெயர் குழல்வாய்மொழி. "துரை வந்து எத்தன வருசம் ஆச்சு?"

"நூத்தம்பது வருசத்துக்கு மேல."

"அப்ப ஏது தடை? அது இப்பதான வந்துச்சு? எங்க பெரியப்பா அருவிக்கரையில எண்ணெ தேச்சு விடுத வேலதான் பாத்தாங்க. தடை வந்த பொறவுதான் நிப்பாட்டுனாங்க. அப்பல்லாம் எண்ணெ தேய்க்காம யாரு அருவிக்குப் போவா? நீங்க அங்கன நின்னு பாட்டில பிடுங்குதீயல்லா, அத அப்படியே கதையில எழுதிட்டீய!"

கூடம் முழுக்க கொல்லென்று சிரித்தது. மீனா டீச்சர்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடைத்தாய்க்கு முகம் சிவந்து காது சூடாகிவிட்டது. சிரிப்பைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் காணாமல் போன தாளில் எண்ணெய்க் கறை இருக்கும், தடையை மீறியவர் சமையல்காரர், ஆகவே அவர்தான் திருடன் என்பதுதான் அவள் கதையின் முடிச்சு. எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் எல்லாருமே திருடர்கள். இரண்டு வருஷ உழைப்பு ஒரே கேள்வியில் பாழாய்ப் போயிற்று. பின்வரிசையில் இரண்டு பேர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்கள்.

பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். ஸ்டேஷனில் எத்தனை பேரை "உண்மையைச் சொல்லு" என்று மிரட்டியிருக்கிறாள்!

"ஆமாட்டி, தப்பு என்னுதுதான்" என்றாள். "தடையும் கிடையாது, பலகையும் கிடையாது. அந்த மூணு பேரும் தலையில இருந்து கால் வரைக்கும் எண்ணெயத் தேச்சுட்டுத்தான் நின்னாங்க."

"அந்தத் தாளு கெடச்சுதா?" ஜோயல் கேட்டான்.

"கெடச்சுது. பங்களா ஓட்டுக்கு இடையில சொருவி இருந்துச்சு."

"எண்ணெ பட்டிருந்துச்சா?"

எழுதியிருந்தபடி பார்த்தால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் கதை அங்கேயே நின்றுவிடும். "படல" என்றாள் ஆவுடைத்தாய். "ஒரு சொட்டுகூடப் படல." ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பிள்ளைகள் யோசித்தார்கள். சமையல்காரர் கை எண்ணெய். வண்டிக்காரர் கை எண்ணெய். தபால்காரர் கையும் எண்ணெய். தாளில் மட்டும் எண்ணெய் இல்லை. குழல்வாய்மொழியின் கண் விரிந்தது.

"எண்ணெ தேய்க்காத ஆளு ஒருத்தருதான! ஏட்டம்மா, துரைதான் திருடன்! அவரு தாள அவரே ஒளிச்சு வச்சிட்டாரு!"

கூடம் அதிர்ந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரண்டு வருஷம் ஆவுடைத்தாய் கூடவே குடியிருந்த துரை இப்படிச் செய்வார் என்று அவளுக்கே தோன்றியதில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சொந்தக் கதைய யாராவது ஒளிச்சு வைப்பாங்களா? எதுக்கு வச்சாரு?" என்றான் ஜோயல்.

இந்தக் கேள்விக்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தன் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் எட்டு மாதம் எழுதாமல் தள்ளிப்போட்டவள் அவள்.

"கதைய முடிச்சாச்சுன்னா கப்பல் ஏறணும்லா" என்றாள் மெதுவாக. "அவருக்குக் குற்றாலத்த விட்டுப் போவ மனசு வரல."

குழல்வாய்மொழி, "பாவம் துரை" என்றாள்.

கீழே பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மீனா டீச்சர், "பிள்ளைகளா, அருவிக்கு நேரமாச்சு, எந்திங்க" என்றாள்.

"அருவி அங்கனதான் இருக்கும் டீச்சர், சும்மா இருங்க!" என்று ஜோயல் அதட்டினான். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

எழுந்தவர் சிவசைலம் மட்டும்தான். நாற்காலியை விட்டு விறுவிறுவென்று முன்னால் வந்தார். ஆவுடைத்தாய் பதறிப்போய், "அண்ணாச்சி, புஸ்தகம்..." என்று இழுத்தாள். அவர் வேட்டியை மடக்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"புஸ்தகம் வரும், அத விடுங்க ஏட்டம்மா. துரை கப்பல் ஏறுனாரா, இல்லியா?"

ஆவுடைத்தாய்க்கு அது தெரியாது. கையிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள், சொல்லத் தொடங்கினாள்.