சீர் பீரோ

பீரோவைத் தூக்க நான்கு பேர் வந்திருந்தார்கள். பிணத்தைத் தூக்க இன்னும் ஆள் வரவில்லை.

காந்திமதி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் போட்ட சாமியானாவின் நிழல் அவன் முழங்கால் வரைக்கும்தான் எட்டியது. கால்மாட்டில் வெயில். பெஞ்சுக்கு அடியில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. க்ரீச்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். பீரோவின் முன்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. நகர்த்தினால் அப்படித்தான் கத்தும்.

எழுந்து உள்ளே போனாள்.

பின்னறையில் இரண்டு பேர் பீரோவைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கழுவி வைத்த கிளாம்புகளைக் கோணியில் அள்ளிக்கொண்டிருந்தான். இன்னொருவன் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"யாரக் கேட்டு எடுக்கீய?"

"ரகுபதி சார்தாம்மா அனுப்சாரு. அர்ஜண்ட் மாலாம். நீ போய் அங்க குந்து. பொணத்தாண்ட ஆள் இல்லாம வுடக் கூடாது."

பிணம். காலையில் இட்லி வேண்டாம், பழையது இருந்தால் போடு என்று சொன்ன மனுஷன்.

"கீழ வைங்க."

வைத்தார்கள். ஆனால் நகரவில்லை. ஒருவன் சாவகாசமாக பீடியைப் பற்றவைத்தான்.

சுடலைக்கண்ணு செய்தது பவுடர் கோட்டிங். கம்பெனிகளுக்குப் போகும் கிளாம்பு மாதிரிச் சின்ன இரும்புச் சாமான்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காயவைத்து, கொக்கியில் தொங்கவிட்டு, துப்பாக்கி மாதிரி ஒன்றால் சாம்பல் நிறப் பவுடரை அவற்றின் மேல் அடிப்பான். பிறகு சூட்டில் வைத்தால் பவுடர் உருகி வழவழவென்று பெயிண்டாகப் பிடித்துக்கொள்ளும். ஆர்டர் எடுப்பவர் ரகுபதி. ஒரகடம் ரோட்டில் அவருக்கு ஷெட் இருந்தது, போர்டு இருந்தது, சுவரில் ஃபிரேம் போட்ட சர்ட்டிபிகேட் இருந்தது. வேலை மட்டும் மண்ணூரில், கோதண்டத்தின் வாடகை வீட்டுப் பின்னறையில் நடந்தது.

சூட்டுக்கு அடுப்பு? அதுதான் காந்திமதியின் பீரோ. கல்யாணத்துக்கு அவள் அப்பா அம்பாசமுத்திரத்தில் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பிய சீர். அதன் தட்டுகளைக் கழற்றி, உள்ளே சூடு தாங்கும் கண்ணாடிப் பஞ்சு ஒட்டி, நான்கு ஹீட்டர் காயில் மாட்டினான் சுடலைக்கண்ணு. அவளுடைய பட்டுச்சேலை அட்டைப்பெட்டிக்குப் போனது. இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவளே உட்கார்ந்து கொக்கி மாட்ட ஆரம்பித்தாள்.

இன்று காலையும் கொக்கிதான் மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ரகுபதியின் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. "வாரேன், வாரேன்" என்று கழுவுகிற தொட்டியை விட்டு எழுந்து ஓடினான் சுடலைக்கண்ணு. ஈரக் கை. வெறுங்கால். ரப்பர் செருப்பு தொட்டி ஓரத்திலேயே கிடந்தது. பீரோவின் கைப்பிடியைப் பிடித்தான்.

பிடித்தவன் விடவில்லை.

ஏதோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். கைக்கு அகப்பட்ட பலகையை எடுத்து அவன் முழங்கைக்குக் கீழே ஓங்கி ஓங்கி அடித்தாள். கை விட்டது. ஆள் விழுந்தான். பக்கத்து ரூமில் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகும் தூத்துக்குடிக்காரன் அந்தோணிராஜ் ஓடிவந்து ஃபியூஸைப் பிடுங்கினான்.

வெளியே ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

இத்தனையும் நடந்த இடத்தைத்தான் நான்கு பேர் சுத்தம் செய்ய வந்திருந்தார்கள்.

"இன்னா தங்கச்சி இது?" ரகுபதி செருப்போடு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை. இன்கமிங் கால் இலவசமான வருஷம் அது. காதை விட்டு செல்போனை இறக்காத மனுஷர், இப்போது இறக்கினார். "வெளிய எல்லாம் ரெடி. ஏசி வேன் சொல்லிட்டேன். நேரா ஊருக்கே கொண்டுபோய் வுட்ருவான். டாக்டர் கையெழுத்தும் வாங்கியாச்சு."

"என்னன்னு கையெழுத்து?"

"ஹார்ட் அட்டாக். வேற இன்னா?"

"டாக்டரு எப்ப வந்து பாத்தாரு?"

ரகுபதி திரும்பினார். வாசலைப் பார்த்து, "நெல்லையப்பா, கொஞ்சம் வாய்யா. உன் தம்பி சம்சாரத்துக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

நெல்லையப்பன் சுடலைக்கண்ணுவின் அண்ணன். ரகுபதியின் ஷெட்டில் வாட்ச்மேன். தோளில் துண்டோடு கதவருகே வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

"காந்தி, பிள்ள அங்க ஒங்க அம்மகிட்ட இருக்கால்லா. அப்பன் மொகத்த நல்லபடியா பாக்காண்டாமா? இங்க போலீசு கீலீசுன்னு போனா ஆஸ்பத்திரில கூறு போட்டுருவானுவ. தைச்சித்தான் தருவான். வேண்டாம்மா."

ஆறு வயசு மகள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சுடலைக்கண்ணு கைநிறையக் கிளாம்பு கொண்டுபோவான், அவள் அதை வரிசையாகத் தரையில் அடுக்கி ரயில் விடுவாள்.

"அத்தான், அவுக கரண்டு அடிச்சிச் செத்தாவ. ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

நெல்லையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கரண்டாவது ஒண்ணாவது," என்றபடி வீட்டுக்காரர் கோதண்டம் உள்ளே எட்டிப் பார்த்தார். "என் வூட்ல கரண்ட் அடிச்சிதுன்னு வெளிய சொல்லாதம்மா. வூட்டு லைன்ல கம்பெனி வேல பண்ணதுக்கு ஈபிக்காரன் வந்து பீஸப் புடுங்குவான். குந்த எடம் குடுத்தவனுக்கு நல்லா செய்ற."

காந்திமதி அவரைப் பார்த்தாள்.

எந்தக் கரண்ட் என்று அந்த மனுஷருக்குத் தெரியும். ஹீட்டர் காயில் பழசாகிப் போய் பீரோவில் கரண்ட் கசிய ஆரம்பித்ததும், சுடலைக்கண்ணு பீரோவிலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து, வெளியே இருந்த அடிபம்புக் குழாயில் கிளாம்பு போட்டு முறுக்கி வைத்தான். எர்த். கசிகிற கரண்ட் ஆளைப் பிடிக்காமல் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். போனது. போகிற வழியில் பம்பு அடித்த ஜெயலட்சுமியின் கையையும் சுர்ரென்று ஒரு தட்டுத் தட்டியது. ஜெயலட்சுமி கோதண்டத்தின் சம்சாரம்.

"இன்னா நெல்லைக்காரரே, என் பொண்டாட்டிய சாவடிக்கப் பாக்குறியா? ஒயர எடு. இல்ல வூட்டக் காலி பண்ணு" என்று கோதண்டம் நின்றார். சுடலைக்கண்ணு ரகுபதியிடம் ஓடினான். காயிலை மாற்றிக் கொடுங்கள் என்றான். "மாத்தலாம்யா, இந்த ஆர்டர் போவட்டும். ஒயர் இல்லன்னா மாலு வேவாதா?" என்றார் ரகுபதி.

மாலு வெந்தது. ஒயரைக் கோதண்டமே வெட்டிக் கழற்றினார். வீணாக்குவானேன் என்று முருங்கை மரத்துக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவில் கட்டினார். அன்றிலிருந்து ஜெயலட்சுமி அதில்தான் துணி காயப்போடுகிறாள். இதோ, இப்போதும் சாமியானாவுக்குப் பின்னால் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"தூக்குங்கப்பா," என்றார் ரகுபதி. "நேரமாவுது."

நான்கு பேரும் குனிந்தார்கள். காந்திமதி போய் பீரோவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என் சீரு."

"இன்னா?"

"எங்க அப்பா எனக்குப் போட்ட சீரு. அவுக சம்பாத்தியம் இல்ல. ஒங்க ஷெட்டு சாமானும் இல்ல. துப்பாக்கி ஒங்களது, எடுத்துக்கிடுங்க. பவுடரு ஒங்களது, அள்ளிக்கிடுங்க. பீரோவத் தொடப்பிடாது." அவள் நெல்லையப்பன் பக்கம் திரும்பினாள். "அத்தான், நீங்கதான கல்யாணத்தன்னிக்கி லாரில இருந்து எறக்கினீய? சொல்லுங்க. இது யாரு பொருளு?"

பீடிக்காரன் பீடியைக் காலில் போட்டு மிதித்தான். சீர் என்றால் அந்த நான்கு பேருக்கும் புரியும். அவரவர் வீட்டிலும் ஒரு பீரோ நின்றுகொண்டிருந்தது.

"நெல்லையப்பா," என்றார் ரகுபதி. குரலில் சம்பளம் இருந்தது.

நெல்லையப்பன் முதலாளியைப் பார்த்தான். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினான்.

"அது அவ சீருதான் சார்," என்றான். "அதுல நாம கை வைக்க முடியாது."

ரகுபதி சிரித்தார்.

"சரி, வச்சுக்கோ. போலீசையும் கூப்புடு. வருவான். பாடியப் பாப்பான். வலது கையில முழங்கைக்குக் கீழ நீலமா கன்னிப் போயிருக்கே, அது இன்னான்னு கேப்பான். யாரு அடிச்சது? நீதானே? கட்டையால புருசன அடிச்சிருக்க. பொண்டாட்டி அடிச்சி புருசன் செத்தான்னு எழுத அவனுக்கு அஞ்சு நிமிஷம் போதும். பொண்ணுக்கு அப்பன்தான் இல்ல. அம்மாவும் உள்ள போவணுமா?"

வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

காந்திமதி வெளியே நடந்தாள். நேராகப் பெஞ்சுக்குப் போனாள். கோடித்துணியை விலக்கினாள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி, உள்ளங்கை தெரியாமல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்தாள். கை விறைத்திருந்தது. அதைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது.

உள்ளங்கையின் குறுக்கே பீரோக் கைப்பிடியின் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. ஓரமெல்லாம் வெளுத்து வெந்திருந்தது. நகக்கண்ணில் சாம்பல் நிறப் பவுடர். மூன்று தரம் குளிப்பாட்டியும் போகவில்லை.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க!" தொண்டை கட்டிய குரல் கிழிந்து வந்தது. "இது பீரோ புடிச்ச எடம். இந்தா, இது நான் அடிச்ச எடம். ஆமா, நாந்தான் அடிச்சேன். எம்புட்டு பெலம் உண்டோ அம்புட்டயும் வச்சு அடிச்சேன். அவுக கை விட்டுச்சி, ஆனா அவுக போயிட்டாவ. எழுதட்டும்! நான் அடிச்சேன்னு எழுதட்டும்! அதுக்கு மேல எதுக்கு அடிச்சேன்னும் எழுதணும்லா?"

கூட்டத்தில் கம்பெனி யூனிபாரத்தோடு நின்றிருந்த அந்தோணிராஜ் சைக்கிளை எடுத்தான்.

"டேய், எங்க போற?" என்றார் ரகுபதி. "நீ எந்தக் காண்ட்ராக்ட்டு? எவன்கிட்ட வேல பாக்குற?"

"போவும்போது சொல்லுதேன் சார்," என்றான் அவன். சொல்லாமலே போய்விட்டான்.

ஏசி வேன் வந்து நின்றது. டிரைவர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு அணைத்தான். வெயில் சுடலைக்கண்ணுவின் இடுப்பு வரை ஏறியது. காந்திமதி முந்தானையை விரித்து அந்த இடத்துக்கு நிழல் பிடித்தாள். நெல்லையப்பன் பெஞ்சின் கால்மாட்டைத் தூக்கி நிழலுக்குள் இழுத்துப் போட்டான்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் பைக்கில் வந்தார். ரகுபதி முந்திக்கொண்டு போய்த் தோளில் கை போடாத குறையாகப் பேசினார். ஏட்டு கேட்டுக்கொண்டார். உள்ளே போனார். பீரோவைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு போல்ட்டில் ஒரு ஜாண் பச்சை ஒயர், வெட்டிய முனையோடு தொங்கியது.

வெளியே வந்து, "இது எர்த்துக்கு வுட்டதா? மிச்ச ஒயர் எங்க?" என்றார்.

"வீட்டுக்காரரு எடுத்துட்டாரு," என்றாள் காந்திமதி.

"நானா? சார், சத்தியமா சார், ஒயரும் இல்ல ஒண்ணும் இல்ல." கோதண்டம் இரண்டு கையையும் விரித்தார். "புருசன் போன துக்கத்துல எதுனா பேசினு கீது, பாவம். ஏ ஜெயா, சொல்லேன். நம்ம வூட்ல எதுனா ஒயர் கீதா?"

எல்லோரும் ஜெயலட்சுமியைப் பார்த்தார்கள்.

ஜெயலட்சுமி காலையிலிருந்து பம்பு ஓரத்தில்தான் நின்றிருந்தாள். அழவில்லை, உட்காரவில்லை, யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இப்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முருங்கை மரத்தை நோக்கி நடந்தாள்.

ஒரு துண்டை எடுத்தாள். மடித்துத் தோளில் போட்டாள். ஒரு பாவாடையை எடுத்தாள்.

"ஏய், இப்ப இன்னா துணி எடுக்குற? வுடு, சாயங்காலம் எடுத்துக்கலாம்."

இரண்டு சேலை. ஒரு தலையணை உறை. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. கடைசியில் கோதண்டத்தின் வெள்ளை வேட்டி மட்டும் தொங்கியது. அதையும் உருவினாள்.

பச்சை ஒயர் வெயிலில் மேலும் கீழும் ஆடியது. பாத்ரூம் சுவர் ஆணியில் போட்ட முடிச்சுக்கு அப்பால், அதன் நுனியில் ஒரு கிளாம்பு தொங்கிக்கொண்டிருந்தது. சுடலைக்கண்ணு தன் கையாலேயே அடித்து வேகவைத்த சாம்பல் நிறம். மழையிலும் வெயிலிலும் கிடந்தும் துளி உரியவில்லை.