ஜிபார்குலின் கிணற்றுச் சேறு

ரொட்டியைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்து சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எங்கள் ஊர் குபாத் இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த வாரம், ஓஷ் நகரிலிருந்து ஆராய்ச்சிக்காரி ஆசில்கானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சேற்றுக்குள் மின்சாரம் எப்படி நடமாடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கிணற்றடியில் இரும்புத்துரு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்குமாம். காற்றில்லாத சேற்றில் கிருமிகள் துருவுக்கு எலெக்ட்ரானை ஊட்டினால் அது கரைந்து பிடியை விட்டுவிடுமாம். பிறகு தண்ணீரெல்லாம் நஞ்சு.

குபாத்தின் மனைவி ஜிபார்குல் ஒன்றுதான் கேட்டாள்.

"ஏழு வருஷமா நான்தான் மொண்டு குடுத்தேன். அந்தத் தண்ணியா அவர கொன்னுச்சு? அத மட்டும் சொல்லு தங்கச்சி."

"சேத்த அளந்தாத்தான் தெரியும்க்கா."

ஜிபார்குலின் உள்ளங்கைகளில் இருந்த கரும்புள்ளிகளையே ஆசில்கான் பார்த்தாள். வயல் வேலை செய்தால் வராதா என்ன.

ஆறு சீசாக்களில் அடிச்சேற்றை அடைத்து, காற்றுப் புகாமல் மெழுகு வைத்தோம். பத்து நாள் அசையாமல் இருந்தால்தான் சேறு தன் நிலைக்கு வருமாம்; அதற்குப் பிறகுதான் மீட்டர் வைத்து அளப்பாளாம். ஜிபார்குலின் நிலவறையில் வைத்துவிட்டுத் திரும்பினோம். அந்தச் சேறு மூச்சுவிடும் சத்தத்துக்குத் தெருநாய்கள் ஊளையிட்டன. என் காதால் கேட்டேன்.

பத்தாம் நாள் போனால் ஆறு சீசாவும் பளபளவென்று மேசையில் இருந்தன. உள்ளே பாலாடை.

"அடுத்தவங்க பாத்திரத்த சேத்தோட திருப்பிக் குடுக்க எனக்குக் கை வருமா?" என்றாள் ஜிபார்குல். "அளந்தாச்சுன்னு அண்ணன்தான் போன வாரம் வந்து சொன்னாரு."

சொல்லியிருப்பேன். வாய் ஓயாதவன் நான்.

"பரவால்லக்கா, கிணத்துல மறுபடி எடுத்துக்கலாம்" என்றாள் ஆசில்கான்.

"அத மூடிட்டாங்களே."

உண்மைதான். பயத்தில் ஊரே கூடிக் கல் போட்டு நிரப்பிவிட்டது. நானும் இரண்டு வண்டிக் கல் கொட்டினேன்.

ஆசில்கான் ஒரு சீசாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப என் கேள்விக்குப் பதில்?"

"தெரியாதுக்கா. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாது."

ஜிபார்குல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கே மீட்டர் ஊசிய நான் பாத்தேம்மா. சுத்தமான கிணறு. உன் கை அவனக் கொல்லல."

"நெசமாவா அண்ணே?"

"நெசமா."

இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அதையே கேட்பாள். அதையே சொல்வேன். அப்புறம்தான் தேநீர் ஊற்றுவாள்.

அந்தக் கிணற்றை வெட்டியவன் நான்.